கல்யாண கேசட்டில் என் மகள் குரல்

"போடட்டுமாம்மா?" என்று முரளி கேட்டான்.

நான் பக்கத்து நாற்காலியில் இருந்த அமுதாவைப் பார்த்தேன். அவள்தான் சொல்ல வேண்டும். அது அவளுடைய கல்யாண கேசட்டு.

சிதம்பரத்தில் தெற்கு வீதியை ஒட்டின ஒரு சந்து. மாடிப்படி ஏறினதும் ஒரு சின்ன அறை. முரளி கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கிறவன். ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து வைத்திருந்தான். வெளியே உச்சி வெயில், உள்ளே டியூப்லைட். கம்ப்யூட்டர் சூடான வாசனையோடு, யாரோ பாதி சாப்பிட்டு மூடி வைத்த தயிர்சாதத்தின் வாசனையும் வந்தது.

அமுதா தலைப்பு நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். அவள் பேரை மாற்றித்தான் எழுதுகிறேன்.

"போடுங்கண்ணா," என்றாள். "எம் மூஞ்சி வந்தா நான் குனிஞ்சிக்கிறேன். இந்தம்மாவுக்காகத்தான் இது."

போன வாரம் நான் பால்வாடியில் ஆயா வேலை பார்த்ததை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "ஊரான் வீட்டுப் பிள்ளைங்க பேரையெல்லாம் சொல்றீங்க, உங்க பிள்ளையைப் பத்தி ஒரு வரி இல்லையே" என்று இந்தப் பத்திரிகையில் இருக்கிற அம்மா கேட்டார்கள். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அஞ்சாங்கிளாசோடு நின்றவள் நான். சந்தோஷத்தை எழுதுவதற்கே வார்த்தை தேட வேண்டியிருக்கிறது. இதை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அந்த அறையில் முரளி கேட்ட கேள்வியில் இருந்து ஆரம்பித்தால் வருமோ என்னமோ.

துணிக்குப் பின்னால்

என் மகள் பேர் பூங்கொடி. கொடி என்று கூப்பிடுவோம். ஒரே பிள்ளை. அவள் அப்பா துறைமுகத்துக்கு ஐஸ் வண்டி ஓட்டினவர். அவள் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார். மஞ்சக்குப்பத்தில் ஒரு போர்ஷனில் நாங்கள் இரண்டு பேர்.

பகலில் அவளுக்கு ஜெராக்ஸ் கடையில் வேலை. முகூர்த்த நாள் வந்தால் சாயங்காலம் ஆர்க்கெஸ்ட்ராவில் பாட்டு. அந்தக் குழுவை நடத்தினது டேவிட் என்கிற பையன். கீபோர்டு அவனே வாசிப்பான். கல்யாண ரிசப்ஷனில் பொண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் நிற்பார்கள், சனம் வரிசையாக ஏறி போட்டோ எடுத்துக்கொள்ளும், ஓரமாக ஒரு சின்ன மேடை போட்டு இவர்கள் சினிமாப் பாட்டு பாடுவார்கள். கடலூர், புவனகிரி, சிதம்பரம் என்று சுற்றி இருக்கிற மண்டபம் எல்லாம் அவளுக்குத் தெரியும்.

எனக்கும் தெரியும். ஆனால் முன்பக்கம் தெரியாது. வயசுப் பொண்ணைத் தனியாக அனுப்பக் கூடாது என்று நானும் கூடவே போவேன். போய் மேடைக்குப் பின்னால் கட்டியிருக்கிற துணிக்கு அந்தப்பக்கம், ஸ்பீக்கர் வந்த பெட்டி மேல் உட்கார்ந்துகொள்வேன். மடியில் அவள் பை, கையில் வெந்நீர் பிளாஸ்க்கு.

"அக்கா, முன்னால வந்து உக்காந்து உங்க பொண்ணு பாடுறதைப் பாருங்களேன்," என்பான் டேவிட்.

"பரவால்ல தம்பி. இங்கியே கேக்குது."

"இங்க இன்னா கேக்குது? ஸ்பீக்கரு அந்தப் பக்கம் இல்ல பாத்துக்கினு இருக்கு?"

அவனுக்கு அது புரியாது. ஸ்பீக்கருக்குப் பின்னால் உட்கார்ந்தால் பாட்டு வேறு மாதிரி கேட்கும். பெரிய சத்தமெல்லாம் சனத்துப் பக்கம் போய்விடும். இந்தப் பக்கம் திம் திம் என்று அடிவயிற்றில் முட்டுகிற சத்தம்தான் வரும். அதுக்கு நடுவில், மைக்குக்குள்ளே போகிறதுக்கு முன்னால் இருக்கிற அவள் தொண்டை தனியாகக் கேட்கும். மூச்சு வாங்குவது, உதட்டை நனைப்பது, ஒரு வரி முடிந்ததும் "ஸ்ஸ்" என்று லேசாக விடுவது. சனம் கேட்ட பாட்டு வேறு. நான் கேட்ட பாட்டு வேறு.

சின்ன வயசிலும் எனக்கு வாய்த்தது அப்படித்தான். ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுப் படம் காட்டினபோது, தம்பிமார்களை உள்ளே விட்டுவிட்டு எங்கம்மா என்னோடு வெளியே உட்கார்ந்திருப்பாள். படுதாவுக்குள்ளே இருந்து அழுகை வரும், சண்டை வரும், பாட்டு வரும். யார் அழுகிறார்கள் என்று வீட்டுக்கு வந்து தம்பிதான் சொல்லுவான். நான் பார்த்த படத்தைவிடக் கேட்ட படம் ஜாஸ்தி.

கொடி எப்படிப் பழகினாள் என்று கேட்பார்கள். குரு யாரும் இல்லை. பழசாக வாங்கின ஒரு டேப்ரெக்கார்டர்தான். ஒரு வரி கேட்பாள், நிறுத்துவாள், பாடுவாள், திரும்ப ஓட்டுவாள். சினிமாவில் பாடினவங்க எங்கே மூச்சு வாங்கினார்களோ அங்கேயேதான் இவளும் வாங்குவாள். எங்கே கொஞ்சினார்களோ அங்கே கொஞ்சுவாள். ஆர்க்கெஸ்ட்ராவில் அதுதான் பெருமை. "அப்படியே ஒரிஜினல் மாதிரி இருந்துச்சும்மா" என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் அன்றைக்கு பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வருவாள்.

"உன் மாதிரி நீ பாட மாட்டியாடி?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"என் மாதிரி பாடுனா யாரும்மா கூப்புடுவா? அவுங்க மாதிரி பாடுனாதான் கூப்புடுவாங்க."

குரல் மறந்துபோன நாள்

சுனாமி வந்த மறு வருஷம், மழைக்காலத்தில் அவளுக்கு மஞ்சக்காமாலை வந்தது. சளி, காய்ச்சல் என்றுதான் முதலில் இருந்தோம். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன். அப்புறம் ஆஸ்பத்திரி. நான் மட்டும்தான் திரும்பி வந்தேன். அதைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் இந்த வாரம் அதோடு நின்றுபோகும்.

போட்டோ இருந்தது. அவள் பாவாடை, தாவணி, மேடைக்குக் கட்டுகிற ஜிகினா புடவை எல்லாம் இருந்தது. புடவையில் வாசனை கொஞ்ச நாள் இருந்தது. பிறகு பீரோ வாசனை ஆகிவிட்டது.

ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் ஒரு பொண்ணு தன் அம்மாவை "ம்மோவ்" என்று கூப்பிட்டது. கொடியும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். அவள் எப்படிச் சொல்லுவாள் என்று மனசுக்குள்ளே சொல்லிப் பார்த்தேன். வார்த்தை வந்தது. சத்தம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன். வரவில்லை. பையை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் டேப்ரெக்கார்டரில் பதிவு பண்ணுகிற பொத்தான் வாங்கும்போதே உடைந்திருந்தது. கேட்கத்தானே வேணும் என்று வாங்கினது. அந்தக் காலத்து போனில் பேசத்தான் முடியும். இப்போது மாதிரி எல்லார் கையிலும் எல்லாமும் பதிவாகிற காலம் அது இல்லை.

டேவிட்டிடம் போய்க் கேட்டேன். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"நாம எங்கக்கா ரெக்கார்டு பண்ணோம்? பாடுனோம், வந்தோம். ஆனா கல்யாணத்துல எல்லாம் வீடியோ எடுத்திருப்பாங்களே. அதுல இருக்கும். கொடி மூஞ்சியும் இருக்கும், பாட்டும் இருக்கும்."

எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

சேத்தியாத்தோப்பு வீடு

முன்பின் தெரியாத வீட்டில் போய் "உங்க கல்யாண கேசட்டைப் போடுங்க" என்று கேட்பது என்னை மாதிரி ஆளுக்குச் சாதாரணம் இல்லை. சேத்தியாத்தோப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி, டேவிட் சொன்ன தெருவுக்குள் நுழைவதும் திரும்புவதுமாக இருந்தேன். கடைசியில் அந்த வீட்டம்மாவே வாசலில் இருந்து கூப்பிட்டு விசாரித்தாள்.

சொன்னதும் உள்ளே உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். நல்ல சனம். மாப்பிள்ளையின் அப்பா பெரிய மீசைக்காரர். அவரே சி.டி.யைத் துடைத்துப் போட்டார். அவர் பிள்ளை மாலையும் கழுத்துமாக வந்தான், பொண்ணு வந்தாள், ஊரே வந்தது. பின்னாலேயே சினிமாப் பாட்டு. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு பாட்டு. தாலி கட்டும்போது ஒரு பாட்டு, சாப்பாட்டுப் பந்திக்குக்கூட ஒரு பாட்டு.

"தே, வந்துட்டா பாரு உம் பொண்ணு," என்றார்.

கொடிதான். பச்சை ஜிகினா புடவை. காதில் கம்மல் ஆடுகிறது. மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்கிறாள்.

வந்தது அவள் குரல் இல்லை. சினிமாவில் பாடினவங்க குரல். டேவிட்டோடு சேர்த்து நாலு பேர் வாசிக்கிற மேடையில், ஒரு பட்டாளம் வயலின் வாசிக்கிற சத்தம் வருகிறது. கொடி வாய் ஒரு பாட்டுக்கு அசைகிறது, டி.வி.யில் வேறு பாட்டு ஓடுகிறது.

"பாத்தியா," என்று மீசைக்காரர் வீட்டம்மாவிடம் சொன்னார். "அப்பிடியே சினிமாவுல பாடுன மாதிரியே இல்ல? இன்னா குரலு. கொடுத்து வெக்கலியே."

அது அவள்தான் பாடுகிறது என்று அவர் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் தலையை ஆட்டினேன். சாப்பிட்டுத்தான் போக வேணும் என்று இலை போட்டார்கள். முருங்கைக்காய் சாம்பார். மனுசங்க மனசு நோகக் கூடாது என்று சாப்பிட்டேன்.

அப்புறம் புவனகிரியில் ஒரு வீடு, கடலூரிலேயே இரண்டு வீடு. எல்லா இடத்திலும் கொடி வாயைத் திறந்தாள். எல்லா இடத்திலும் வேறே யாரோ பாடினார்கள்.

முரளியின் வேலை

இந்த நாலில் மூன்று கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தது சிதம்பரம் முரளி என்று தெரிந்தது. அவனைத் தேடிப் போனேன். முப்பது வயசு இருக்கும். ஒல்லி. பேச்சு ஜாஸ்தி.

"ஆமாம்மா, நான்தான் பாட்டு போடுவேன். எல்லா வீடியோக்காரனும் அப்படித்தான். கல்யாணத்துல எடுக்குற சத்தத்தை அப்படியே உட்டா யாரு பாப்பா? கொழந்தை அழுவுறது, 'சாம்பாரு சாம்பாரு'ன்னு கத்துறது, 'மச்சான், மொய் எழுதுற எடம் எங்கடா'ன்னு கேக்குறது, எல்லாம் இல்ல வரும்? அதையெல்லாம் தூக்கிட்டு நல்லா பாட்டா போடுவோம்."

"ஆர்க்கெஸ்ட்ராவுல பாடுனதையுமா தம்பி?"

"அதையும்தாம்மா. ஒரிஜினலே கையில இருக்கும்போது…" என்று சொல்ல வந்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

கேமராவுக்குள்ளே போடுகிற கேசட்டில் நிஜச் சத்தம் இருக்குமே என்று கேட்டேன். இருக்கும் என்றான். ஆனால் சி.டி. போட்டுக் கொடுத்துவிட்டால் அதே கேசட்டின் மேல் அடுத்த கல்யாணத்தை எடுத்துவிடுவானாம். ஒரு கல்யாணத்தின் மேல் இன்னொரு கல்யாணம், அதன் மேல் இன்னொன்று. கொடி எத்தனை கல்யாணத்துக்கு அடியில் கிடக்கிறாளோ.

நான் எழுந்துகொண்டேன். படி இறங்கும்போது பின்னாலேயே வந்தான்.

"பெரிம்மா, ஒண்ணே ஒண்ணு அழிக்காம இருக்கு. நெல்லிக்குப்பத்துக் கல்யாணம். சி.டி. போடச் சொல்லவும் இல்ல, வந்து வாங்கவும் இல்ல. அந்தக் கல்யாணம் நிலைக்கல. டேவிட் அண்ணன் குழுதான் அதுல பாடுனது. ஆனா அந்த வூட்டுல கேக்காம நான் போட்டுக் காட்ட முடியாது. அடுத்தவங்க வூட்டு விஷயம்."

நெல்லிக்குப்பம்

ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நிற்கிற ரோடு. காற்றே வெல்லப்பாகு மாதிரி கனமாக இருக்கும். அந்த ரோட்டை ஒட்டித்தான் அமுதா வீடு. அப்பா இல்லை. அண்ணன் ஆலையில் வேலை. அண்ணன் பொண்டாட்டிதான் கதவைத் திறந்தது.

கல்யாண கேசட்டு என்றதும் அவள் முகம் மாறிப்போனது. "யாரு அனுப்புனாங்க உங்களை? அவுங்க வூட்டு ஆளா?"

உள்ளே இருந்து அமுதா வந்தாள். இருபத்தஞ்சு வயசுகூட இருக்காது. நெற்றியில் பொட்டு வைப்பதா வேண்டாமா என்று யோசித்து வைத்த மாதிரி ஒரு சின்னப் புள்ளி. அவளுக்கும் தாலி கட்டினவனுக்கும் ஒரு தீபாவளிகூட ஒன்றாக வரவில்லை. அவனுக்கு ஏற்கெனவே வேறு ஊரில் குடும்பம் இருந்திருக்கிறது. தெரிந்ததும் அண்ணன் போய் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பாதி அழுகையிலேயே போனது.

"அதைக் கொளுத்தச் சொல்லி அண்ணங்கிட்ட எத்தினி தரம் சொல்லிட்டேன்," என்றாள். "அந்த வீடியோக்காரர்கிட்ட கெடக்குறது எனக்கு நெஞ்சுல கல்லு மாதிரி இருக்கு. யாராவது போட்டுப் பாத்து சிரிப்பாங்களோன்னு."

"வேணாம்மா. நான் போறேன்."

"இருங்க. பாடுனது பச்சைப் பொடவைதானே? உங்க பொண்ணா அது?"

தலையை ஆட்டினேன்.

ரோட்டில் ஒரு டிராக்டர் நகர்ந்து போகிற சத்தம் முழுசாகக் கேட்டு முடிந்தது.

"நானும் கூட வர்றேன். நீங்க கேட்டுக்குங்க. அப்புறம் கேசட்டு எங்கைக்கு வந்துடணும். எரிச்சிடுவேன். சம்மதமா?"

சம்மதம் என்றேன். வேறென்ன சொல்வது. அது அவளுடையது.

மைக் ஆனில் இருந்தபோது

முரளி கேசட்டை ஓட விட்டான். கீழே இருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "பாத்துக்கினு இருங்க, டீ சொல்லிட்டு வந்துடறேன்" என்று போய்விட்டான்.

முதலில் வெறும் இரைச்சல். நாற்காலி இழுக்கிற சத்தம். ஒரு குழந்தை விடாமல் அழுகிறது. யாரோ, "மாமா, ஒதுங்கி நில்லு மாமா, போட்டோவுல உன் முதுவுதான் வுழுது" என்கிறார்கள். படத்தில் அமுதாவும் அவனும் மாலையோடு நிற்கிறார்கள். பக்கத்தில் இருந்த அமுதா சொன்ன மாதிரியே குனிந்துகொண்டாள்.

அப்புறம் பாட்டு. கேமரா அவர்கள் பக்கமே இருந்ததால் கொடி தெரியவில்லை. குரல் மட்டும் எங்கேயோ தூரத்தில் ஸ்பீக்கரில் இருந்து வருகிறது. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அவள்தான். ஆனால் என்ன சொல்வது, அவள் அத்தனை கஷ்டப்பட்டு யார் மாதிரியோ பாடியிருக்கிறாள். அதே மூச்சு, அதே கொஞ்சல். சேத்தியாத்தோப்பு டி.வி.யில் கேட்டதுக்கும் இதுக்கும் கொஞ்சம்தான் வித்தியாசம். என் பிள்ளையை அதுக்குள்ளே தேடுகிறேன். ஒரு இடத்தில் கிடைக்கிற மாதிரி இருக்கிறது, உடனே நழுவிவிடுகிறது.

பாட்டு முடிந்தது. கைதட்டினார்கள்.

கைதட்டல் அடங்குகிற நேரத்தில்:

"ம்மோவ்… பிளாஸ்க்கு எங்க?"

நான் கம்ப்யூட்டர் பக்கம் சாய்ந்துகொண்டேன்.

"இன்னாம்மா இது, மூடியைப் பயில்வான் மாதிரி இறுக்கி வெச்சிருக்க. நீயே தொறந்து குடு."

டேவிட் குரல் கேட்டது. "கொடி, மைக்கு ஆன்ல இருக்கு."

"இருக்கட்டும்ண்ணா. எங்கம்மா ஒருநாளாவது ஸ்பீக்கர்ல வரட்டும். துணிக்குப் பின்னாலியே குடித்தனம் நடத்துது. வெளிய வாம்மா, யாரும் உன்னைக் கடிச்சிட மாட்டாங்க."

மண்டபமே சிரித்தது. படத்தில் மாலையோடு இருந்த அமுதாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்தப் பக்கம் இருந்த அமுதா எப்போது தலையைத் தூக்கினாள் என்று தெரியாது. அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீரோடு.

"இது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்மா. நீங்கதானா அது? நான் எட்டி எட்டிப் பாத்தேன். நீங்க வரவே இல்ல."

எனக்கும் அந்த நாள் நினைவுக்கு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, மூடியைத் திறந்து துணிக்கு அடியிலேயே கையை நீட்டிக் கொடுத்தேன்.

இதுதான். இந்தக் குரல்தான். யார் மாதிரியும் இல்லாதது. பாட்டைத் தேடி இத்தனை வீடு அலைந்தேன். நான் தேடினது பாட்டே இல்லை என்று அந்த நாற்காலியில்தான் தெரிந்தது. நெஞ்சில் ஓங்கி அடித்துக்கொண்டு அழுதேன். அமுதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுக்குள் அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது.

முரளி டீயோடு வந்து நின்றான். நான் அழுவதைப் பார்த்து அவன் கண்ணும் கலங்கிவிட்டது.

"இன்னா பாட்டும்மா பாடியிருக்காங்க. அழுவாதீங்க. இந்தப் பாட்டை நான் சி.டி.யில போட்டுத் தர்றேன். எனக்குக் காசு வேணாம்."

"படம் வேணாம்," என்றாள் அமுதா. "சத்தம் மட்டும் எடுத்துக் குடுங்க. எடுத்ததும் கேசட்டு எங்கண்ணங்கிட்ட வந்துடணும்."

"சரி," என்றான் முரளி. "சரி," என்றேன் நானும். சத்தம் மட்டும் என்று அவள் சொல்லிவிட்டாளே, எல்லாம் சொன்ன மாதிரி ஆயிற்று என்று இருந்தேன்.

சுத்தமான பாட்டு

மறு வாரம் வரச் சொல்லியிருந்தான். கொடி போட்டோ ஒன்று கேட்டு வாங்கி வைத்திருந்தான். அதை சி.டி. அட்டையில் போட்டு, சுற்றிலும் ரோஜாப்பூ வைத்து அச்சடித்திருந்தான். என் கையைப் பிடித்து உட்கார வைத்துப் போட்டுக் காட்டினான்.

குழந்தை அழுகை இல்லை. நாற்காலி சத்தம் இல்லை. இரைச்சல் ஒன்றும் இல்லாமல் பாட்டு கணீர் என்று வந்தது. எக்கோ வேறு வைத்திருந்தான். முடிந்ததும் கைதட்டல். அது மெதுவாகத் தேய்ந்து நின்றது. நான் காத்திருந்தேன். முரளி சி.டி.யை வெளியே எடுத்தான்.

"அதுக்கப்புறம், தம்பி?"

"அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லியேம்மா."

"பேசுவாளே. பிளாஸ்க்குன்னு…"

"ஓ, அதுவா. மைக்கை ஆஃப் பண்ணாம ஏதோ பேசிக்கினு இருந்தாங்க. அதெல்லாம் எடுத்துட்டேம்மா. தேவையில்லாதது ஒண்ணுகூட உடல. பாட்டு மட்டும் சுத்தமா இருக்கு. இதுக்கே ரெண்டு நாளு உக்காந்தேன்."

கம்ப்யூட்டரில் இருக்குமா என்று கேட்டேன். இடம் இல்லையாம், அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிட்டானாம். கேசட்டை முந்தாநாளே அமுதாவின் அண்ணன் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாராம்.

"நல்லா இல்லியாம்மா?" என்று கேட்டான். அவன் முகம் சின்னப் பிள்ளை பரீட்சைப் பேப்பரை நீட்டுகிற மாதிரி இருந்தது.

"நல்லா இருக்குப்பா," என்றேன்.

அந்தக் கையோடு பஸ் ஏறினேன். கடலூரில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் அடுத்த பஸ் பிடித்து நெல்லிக்குப்பம் போனேன். எரிக்காமல் வைத்திருக்கலாம். ஈரவிறகு, மழை, வேலை, ஏதாவது ஒன்று தடுத்திருக்கலாம். சாமி எல்லாத்தையும் வேண்டிக்கொண்டேன்.

அமுதா வீட்டுப் பின்கட்டில் வெந்நீர் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் காய வைத்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தாள். பொட்டு பெரிதாக இருந்தது. அடுப்பு வாயில் கறுப்பாக ஏதோ உருகிக் கல்லோடு ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம் இன்னும் போகவில்லை.

"வாங்கம்மா. போட்டுட்டேன் பாருங்க," என்று அவளே காட்டினாள். "அண்ணி மூக்கைப் பிடிச்சிக்கினு ஓடிட்டாங்க. ஆனா எனக்கு இன்னிக்குத்தான் சோறு சோறு மாதிரி எறங்குச்சு."

அவள் முகத்தைப் பார்த்தேன். நான் பார்த்து அது அத்தனை தெளிவாக இருந்ததே இல்லை.

"சி.டி. குடுத்துட்டாரா? பாட்டு நல்லா வந்திருக்கா?"

"வந்திருக்கும்மா. சுத்தமா இருக்கு."

"நீங்க பிளாஸ்க்கு மூடியை இறுக்கி வெச்சது? அதுவும் இருக்குல்ல?"

அடுப்பில் கொஞ்சம் நெருப்பு மிச்சம் இருந்தது. அவள் முடியை ஒரு பக்கமாகச் சாய்த்து அதுக்கு நேராகக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இருக்கு," என்றேன்.

"ஒருநாளைக்கு வர்றேம்மா. வந்து அதைக் கேக்கணும்."

"வாம்மா," என்றேன்.